காப்பாளர் கையெழுத்து

பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி.
நூலகத்துக்கும் சைக்கிள் நிறுத்தத்துக்கும் நடுவே
ஒற்றைக் கட்டில் போட்ட அறை.
வெளியே பலகை: நலவாழ்வு மையம்.
பத்துக்குத் திறக்கும், ஒன்றுக்குப் பூட்டும்.
அந்த மூன்று மணி நேரமும் எனக்கு வகுப்பு.

முக்கூடலிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவன் நான்.
பதினேழு வருஷம் பட்டாளம்,
இப்போது பி.காம்.
வருகைப் பதிவில் நாலாவது பெயர், ஆவுடையப்பன்.
முதல் நாள் உள்ளே நுழைந்ததும்
பேராசிரியர் வந்துவிட்டார் என்று
வகுப்பே எழுந்து நின்றது.
"உக்காருங்க" என்று
நானும் சொல்லித் தொலைத்தேன்.

இடது காதில் ஒரு சிள்வண்டு இருக்கிறது.
பீரங்கிப் படையில் மூன்றாம் வருஷம் குடிவந்தது.
ராத்திரி நான் கணக்கைப் பிரித்தால்
அதுவும் சத்தம்போட்டுப் படிக்கும்.
முழங்காலில் மலையுச்சிக் குளிர்.
வைகாசியில் தார்ரோடு இளகும்போதும்
அது இளகுவதில்லை.

படைவீரர் மருத்துவமனை இருக்கிறது, கார்டும் இருக்கிறது.
டோக்கன் வாங்கி, காத்திருந்து, மருந்து வாங்கி
வெளியே வந்தால் பகல் முடிந்திருக்கும்.
வருகை எழுபத்தைந்து சதவீதம் இல்லையென்றால்
பரீட்சை எழுத விடமாட்டார்கள்.
உடம்புக்கு முடியவில்லை என்று லீவு கேட்க
எனக்கு வாய் வராது என்பது
வேறு விஷயம்.

மாசியில் கல்லூரி விழா.
எவனோ சரவெடி கொளுத்தினான்.
நான் மேசைக்கு அடியில் இருந்தேன்.
எப்போது போனேன் என்று தெரியாது,
பேனா மட்டும் மேலே கிடந்தது.
யாரும் சிரிப்பதற்குள்
பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் அப்சல்
தானும் குனிந்து உள்ளே வந்தான்.
"அண்ணே, இங்க நல்லாருக்கு. காத்து வருது."
கொஞ்ச நேரம் இருந்தோம்.

கூட்டிக்கொண்டு போனான்.
ஜெபக்கனி சிஸ்டர் பூட்டைப் போட்டுவிட்டு
சாவியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.
என் முகத்தைப் பார்த்தார், மறுபடி திறந்தார்.
படிவம் வந்தது.
வயது: பதினேழு முதல் இருபத்துமூன்று வரை கட்டங்கள்.
தந்தையின் தொழில்.
காப்பாளர் கையெழுத்து.
"அப்பா தவறிட்டாங்க சிஸ்டர்.
நானே ஒம்பதாங் கிளாஸ் பிள்ளைக்குக் காப்பாளர்."
கையெழுத்து இல்லாமல் ஏட்டில் ஏற்ற முடியாது.
பதினெட்டு வயது அப்சல்,
மேலப்பாளையத்துக்காரன், பேனாவை வாங்கினான்.
கையெழுத்துப் போட்டான்.
உறவுமுறை என்ற இடத்தில்
'பெஞ்ச்' என்று எழுதினான்.

சிஸ்டர் சிரிக்கவில்லை.
"உங்கள மாதிரி இங்க எத்தனை பேரு?"
ஏழு. கப்பற்படை ஆள் ஒருவர்,
ராத்திரி ஏ.டி.எம் வாசலில் காவல் இருந்துவிட்டு
காலையில் வரலாறு படிக்கிறவர் ஒருவர்…
காலண்டர் தாளின் முதுகில் பெயர்களை எழுதினார்.
முதல்வர் அறைக்கு நாலு தடவை நடந்தார்.
முதல் தடவை நிதி இல்லை.
இரண்டாவது தடவை முதல்வர் இல்லை.
மூன்றாவது தடவை என்ன நடந்தது என்று
இன்றுவரை சொல்லவில்லை.

ஆனியில், சாரல் காற்று வீச ஆரம்பித்த வாரம்,
பலகையில் ஒரு வரி கூடியது:
செவ்வாய், வியாழன் மாலை 4 முதல் 6.
ஆறு காயாமல் வழிந்து ஒழுகியிருந்தது.
படிவத்தில் 'காப்பாளர்' பக்கத்தில்
ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்பு:
அல்லது தானே.

வியாழக்கிழமை டாக்டரம்மா வந்தார்.
இசைக்கவையைத் தட்டி
இடது காதருகே பிடித்தார்.
"கேக்குதா?"

பட்டாளத்தில் வருஷா வருஷம் சோதனை உண்டு.
டாக்டரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே
கேட்கிறது சார், கேட்கிறது சார் என்பேன்.
முதல் தரம் என்று முத்திரை விழும்.
பதவி உயர்வு, பணி நீட்டிப்பு,
வீட்டுக் கடன், எல்லாம்
அந்த ஒரு பொய்யில் நின்றன.

டாக்டரம்மாவின் உதட்டைப் பார்க்காமல்
சுவரைப் பார்த்தேன்.
"கேக்கல."
அவர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

வெளியே பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள்.
மீதி இரண்டு பேர்
சைக்கிள் நிறுத்தத்தில்
துடைத்த வண்டியையே
திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு.